யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்கள்

குமராட்சி
11.12.2005

அன்புள்ள கனிமொழிக்கு, அண்ணி சௌந்தரம் எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மாடுகள் இரண்டும் இருக்கின்றன. அங்கே மாப்பிள்ளை, உன் மாமியார், குழந்தை எல்லோரும் சுகம்தானே? கடலூரிலும் தெருவெல்லாம் தண்ணீர் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

கொள்ளிடத்துத் தண்ணீர் இப்போதுதான் வடிய ஆரம்பித்திருக்கிறது. மேட்டு வயலில் ஏதோ கொஞ்சம் தேறும். பள்ளத்து வயல் மொத்தமும் போய்விட்டது. நாம் போடுகிற குட்டை ரகப் பிபிடி நெல் அழுகினால் என்ன நாற்றம் நாறும் என்று உனக்குத் தெரியும். சோறு பிசையும்போதுகூட அந்த வாடைதான் கையில் அடிக்கிறது. உன் அண்ணன் வரப்பில் போய் நின்றுவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொள்கிறார். "திருப்பூருக்குப் போயிடலாமா?" என்று ஒரு தடவை கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் நம் வயலில் நடவு நட்டவள். திரும்பிப் பார்த்து, "நீங்களுமா அக்கா?" என்றாள். பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மறைத்தேனே தவிர, வாங்காமல் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கோயில் குத்தகை நிலத்தைப் புருஷன் செத்த பிறகும் ஒண்டியாகப் பயிர் வைக்கிறாளே இருசம்மாள், அவள் வடிகால் ஓரத்தில் வைக்கோலுக்காக மடுமுழுங்கி விதைத்திருந்தாள். ஆளுயரம் வளருமே, பழைய சிவப்பு நெல், அதுதான். ஊரே முழுகிக் கிடக்கையில் அது மட்டும் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

டெலிபோன் பூத்தில் போய்ப் பேசலாம் என்றால் பின்னால் நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம், கடலூர்
3.1.2006

அன்புள்ள அண்ணிக்குக் கனிமொழியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு மட்டும் கண்ணில் புரை, மற்றபடி நடமாட்டம் இருக்கிறது. அண்ணனை அதட்டியாவது சாப்பிட வையுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப் போய் எங்கள் ஞானசேகரன் சாரிடம் அந்த நெல்லைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து உதவி வருகிறது, உங்களுக்குத் தெரியும். இனி மழை நாம் கேட்டபடி பெய்யாது, ஒன்று காயும் இல்லை கொட்டும், அதற்குத் தாங்குகிற பயிர் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அந்தப் பயிர் நம் ஊர் வடிகாலிலேயே நிற்கிறது!

பயிர் தாங்கினால் மட்டும் போதாது, அதற்குச் சந்தை வேண்டும் என்பது சார் கட்சி. திருப்பாதிரிப்புலியூரில் 'விளைச்சல் அங்காடி' என்று ஒரு கடை திறக்கப் போகிறோம். அதற்கு நான்தான் பொறுப்பு. அண்ணி, இருசம்மாளிடம் விதை கேட்டு வையுங்கள். வரும் சம்பாவுக்குப் பள்ளத்து வயலில் மடுமுழுங்கி போடுங்கள். விளைவதை எல்லாம் நாங்களே லாரி வைத்து எடுத்துக்கொள்கிறோம். யார் வாங்குவார்கள் என்ற கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

நிவாரண அரிசி வாங்கியதற்கு வெட்கப்படாதீர்கள். இனி அப்படி நிற்க வேண்டி வராது.

உங்கள் பிரியமுள்ள,
கனிமொழி

*

குமராட்சி
20.7.2006

அன்புள்ள கனிக்கு, அண்ணி. எல்லோரும் நலம். பெரியவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. உன் மாமியாரின் கண் எப்படி இருக்கிறது?

உன் பேச்சைச் சொன்னதும் உன் அண்ணன் சிரித்தார். வெள்ளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார் என்பதால் நானும் கோபப்படவில்லை. "மாட்டுக்குப் போடற நெல்ல டவுன்காரன் காசு குடுத்து வாங்குவானா? உன் நாத்தனாருக்குப் படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். ஆனாலும் பள்ளத்து வயலில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். இன்னும் மூன்று வீட்டுப் பெண்களைச் சேர்த்திருக்கிறேன். உன்னை நம்பி என்று சொல்ல மாட்டேன். உன்னைப் பார்த்தவர்கள் இங்கே குறைவு. என்னை நம்பித்தான் சேர்ந்தார்கள்.

இருசம்மாள் விதை தந்தாள். தரும்போது, "வெத தரேன். ஆனா இத யாரு திங்கிறாங்கன்னு உன் நாத்தனார கேட்டுச் சொல்லு. எங்க மாமியா காலத்துலயே ஒலையிலேர்ந்து எறக்கிட்டாங்க இத, வேவ நேரம் ஆவுதுன்னு" என்றாள். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான். எழுது.

சௌந்தரம்

*

குமராட்சி
9.2.2007

அன்புள்ள கனி, எல்லோரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

லாரி வந்தது, எடை போட்டது, அன்றைக்கே கையில் பணமும் கொடுத்துவிட்டுப் போனது. வியாபாரியிடம் நடக்கிற நடை இல்லை, கெஞ்சல் இல்லை. கார்த்திகையில் ஒரு தடவை தண்ணீர் ஏறி நின்றபோது நான் கலங்கினேன். பயிர் கலங்கவில்லை. நெல்லை ஏற்றும்போது உன் அண்ணன் தானாக வந்து ஒரு கை கொடுத்தார். அது போதும்.

நீ ஜூலையில் நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது மறுபடி கேட்கிறேன். நம் அரிசியை அங்கே யார் சாப்பிடுகிறார்கள்? யாராவது ஒருவரைச் சொல், போதும். விளைவித்தவளுக்கு அது ஒரு ஆசை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்கு வரலாம் என்று இருக்கிறோம், நாங்கள் நாலு பெண்கள். அப்படியே கடையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம்.

சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம்
22.2.2007

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். இங்கே நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

மாசி மகத்துக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாமே அண்ணி. கடையில் பெயின்ட் அடிக்கிறார்கள், சரக்கெல்லாம் குடோனில் இருக்கிறது. வீட்டிலும் கண்ணுக்குக் கட்டுப் போட்டு அத்தை படுத்திருக்கிறார்கள். அவசரமில்லாமல் இன்னொரு நாள் வாருங்கள்.

அரிசியை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். பலரும் வாங்குகிறார்கள். ஒரு டாக்டர் வீட்டில் இதற்குள் இரண்டு தடவை வாங்கிவிட்டார்கள். டாக்டரே வாங்குகிறார் என்றால் பாருங்களேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உங்கள் வயல் போட்டோவைப் பெரிதாக்கிக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

கடிதம் சின்னதாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வேலை.

கனிமொழி

*

குமராட்சி
18.6.2007

அன்புள்ள கனி, எல்லோரும் சௌக்கியம். அங்கே?

டாக்டர் வீட்டுச் சமாச்சாரத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது பள்ளத்து வயல் வைத்திருக்கிற எல்லோரும் மடுமுழுங்கி போடுகிறேன் என்கிறார்கள். கீழத்தெரு சாமிக்கண்ணு இருக்கிறாரே, அவருக்கு மேட்டு வயலே கிடையாது, இருப்பது மொத்தமும் பள்ளம். அவரும் கேட்கிறார். உன் அண்ணனும் பள்ளம் முழுவதையும் கொடுத்துவிட்டார், "பிபிடி வாணாம், உன் நெல்லே போடு" என்று.

எனக்கு உள்ளே ஒரு பயம். போன வருடம் நாலு வீடு. இந்த வருடம் ஊர். அவ்வளவையும் உன் கடை எடுத்துக்கொள்ளுமா? ஆடி பிறப்பதற்குள் எழுதிவிடு. விதைக்கலாம் என்றால் விதைக்கலாம் என்று எழுது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. சாமிக்கண்ணு வாசலில் வந்து வந்து கேட்கிறார்.

சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம்
14.8.2007

அன்புள்ள அண்ணிக்கு, நலம். உங்கள் கடிதமும் பிறகு வந்த இரண்டு கார்டுகளும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் ஒரு வாரம் பயிற்சி. வந்ததும் பையனுக்குக் காய்ச்சல். மழை எப்படி இருக்கிறது அங்கே? பெரியவள் எத்தனாவது போகிறாள்?

விதைப்பு விஷயம். ஊரே முன்வருவது சந்தோஷம். பள்ளத்து மண்ணுக்கு எது தாங்குமோ அதைப் போடுவதுதான் சரி. மற்றதை அறுவடை நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கனிமொழி

*

குமராட்சி
30.1.2008

அன்புள்ள கனி, நலம், நலமறிய ஆவல்.

மார்கழி மழை உனக்குத் தெரியும். பயிர் கதிர் விட்டு நிற்கிற நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டது. சுற்று வட்டாரத்தில் பிபிடி எல்லாம் படுத்து, படுத்த இடத்திலேயே முளைத்துவிட்டது. நம் நெல்லும் சாய்ந்தது. சாய்ந்து, கணுவில் முட்டி போட்டு, மறுபடி எழுந்து நின்றது கனி. உன் அண்ணன் இடுப்புத் தண்ணீரில் இறங்கி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கரையேறி வந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது. மழைதான் என்று சொன்னார்.

அறுத்துக் களத்தில் போட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நெல் பார்த்த ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான். லாரி எப்போது வரும்? பொங்கலுக்கு முன்னால் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆபீஸ் நம்பருக்குப் பேசினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உனக்கு உடம்புக்கு ஏதுமா என்று பயமாக இருக்கிறது. அதனால் உன் அண்ணன் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். லாரிக்கு நாள் குறித்து அவரிடம் சொல்லி அனுப்பு.

பையனுக்குக் கொஞ்சம் முறுக்கு வைத்திருக்கிறேன்.

சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம்
6.2.2008

அண்ணி,

அண்ணன் வந்து போனார். உங்களிடம் என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. அவர் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

கடை இல்லை அண்ணி. கார்த்திகையிலேயே மூடிவிட்டோம். உதவி நின்றுவிட்டது. பெயர்ப் பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அண்ணன் மஞ்சள் பையோடு நின்றிருக்கிறார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் குடோனுக்கு வழி சொல்லி அனுப்பினார். குடோனைக் காலி செய்யச் சொன்னதால் நான் அங்கே நின்று மூட்டை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அரிசி. போன வருடம் நீங்கள் நாலு பேர் விளைவித்தது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மூட்டை தூக்குகிறவரைக் கேட்டார்.

"இது எங்க போவுதுப்பா?"

"கோழிப் பண்ணைக்குண்ணே. வண்டு புடிச்சிடுச்சு. மனுசன் திங்க ஆவாது."

அண்ணன் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளினார். ஊதிப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"நம்மளுதா கனி?"

"ஆமாண்ணே."

"மொத்தமுமா?"

"கொஞ்சம் வித்துச்சு."

"யாருக்கு?"

நான் அடுத்த மூட்டையைப் பிடித்தேன். அவர் அள்ளியதை அப்படியே மூட்டைக்குள் போட்டு, வாயை இழுத்துச் சுருக்கிக் கட்டினார். கோழிக்குப் போகிற மூட்டையை, நம் வீட்டுப் பத்தாயத்துக்குப் போகிற மூட்டை மாதிரி அவ்வளவு ஒழுங்காகக் கட்டினார். பிறகு உங்கள் கடிதத்தையும் முறுக்குப் பொட்டலத்தையும் கொடுத்தார்.

"வூட்டுக்கு வாண்ணே, ஒரு வாய் சாப்டுட்டுப் போவலாம்."

"வாணாம்மா. பஸ்ஸு போயிடும்."

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் இல்லாத நேரமே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். டாக்டர் வீட்டில் வாங்கியது உண்மை. அவர்கள் வீட்டு நாய்க்கு. மற்றவர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டிலேயே ஒரு தடவைதான் பொங்கினேன். வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். அத்தை "ஜெயில் சோறா இது?" என்றார்கள். அதற்குப் பிறகு நான் பொங்கவே இல்லை. சிவப்பரிசியின் பெருமையைப் பற்றிக் கூட்டம் போட்டு நான் ஒரு மணி நேரம் பேசினேன். மதியம் வந்தவர்களுக்கு ஹோட்டலிலிருந்து வெள்ளைச் சோறுதான் வரவழைத்தேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்த வாரம், உதவி தருகிற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே இருந்தார்கள். நாலு வீடு ஊராக வளர்ந்துவிட்டது என்று சொன்னதும் கை தட்டினார்கள். எனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்தது அதை வைத்துத்தான். வாங்க ஆள் இல்லையே என்று ஞானசேகரன் சாரிடம் கேட்டேன். "அடுத்த வருசத்துக்கும் உதவி வந்துடும், கவலப்படாதீங்க" என்றார். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வேண்டாம் என்று உங்களுக்கு எழுத ஒரு கார்டு போதும். சாமிக்கண்ணு உங்கள் வாசலில் நின்று கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் மண்ணுக்குத் தாங்குவதைப் போடுங்கள் என்று எழுதினேன்.

நான் வாங்குகிறவர்களைத் தேடவே இல்லை அண்ணி. அடுத்தவர் கொடுத்த பணத்தில் நானே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, அதற்குச் சந்தை என்று பெயர் எழுதினேன்.

லாரி வராது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கனிமொழி

*

குமராட்சி
19.2.2008

கனிமொழிக்கு,

உன் அண்ணன் வந்ததும் மாட்டுத் தொட்டியைக் கழுவினார். கழுவிய தொட்டியையே மறுபடி கழுவினார். "லாரி எப்ப?" என்று கேட்டேன். "கனி எழுதுவா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

உன் கடிதத்தைக் களத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். மறைத்து வைக்க முடியாது. விதைக்கச் சொன்னது என் வாய். டாக்டர் கதையைச் சொன்னதும் என் வாய். நாய் என்ற இடம் வந்தபோது கடிதத்தைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். பெரியவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

சாமிக்கண்ணு எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் உன்னைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அப்போது இருசம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"அவள வுடு. சௌந்தரம், நீ திங்கிறியா இத?"

"என்னா கேக்குற?"

"உன் ஊட்டு ஒலையில என்னா அரிசி வேவுது, அத சொல்லு."

கனி, போன வருடம் ஒரு படிகூட வைத்துக்கொள்ளாமல் லாரியில் ஏற்றினேன். ரேஷன் கடையில் இரண்டு ரூபாய் அரிசி இருக்கிறதே, அதைத்தான் பொங்குகிறோம். பிள்ளைகளுக்குச் சிவப்புச் சோறு போட்டால் தட்டைத் திருப்பிவிடும். கடிதத்துக்குக் கடிதம், யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று உன்னைத் துளைத்தவள் நான். என் அடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ரேஷன் அரிசிதான்" என்றேன். "என் ஊட்லயும் அதான்" என்று சொல்லிவிட்டு இருசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் உன்னைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

அதனால் உன்னை விட்டுவிட்டோம் என்று நினைக்காதே. நெல் களத்தில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் சிவப்பு எடுக்க மாட்டார்களாம். வியாபாரி கேட்கிற விலைக்கு அறுப்புக் கூலியும் தேறாது. நீ என்ன செய்யப் போகிறாய், அதை எழுது.

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம்
12.4.2008

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் எழுதுகிறேன், இங்கே எல்லோரும் இருக்கிறோம். எனக்கு வேலை போய்விட்டது. ஆபீசையே மூடிவிட்டார்கள். ஒரு விதத்தில் நல்லது, பகல் முழுவதும் என் கையில் இருக்கிறது.

சாம்பிளுக்குப் பெரியவள் அனுப்பிய நெல்லில் பாதியைக் குத்தி, அரிசியும் நெல்லுமாக ஒரு பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். சிதம்பரத்தில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறினேன். பண்ருட்டியில் முந்திரி மண்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற மளிகைக் கடைகளில் கேட்டேன். "இத வாங்குவீங்களா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் கடை நடத்தியவள், இந்தக் கேள்வியை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். ஒரு கடையில் பழைய கூட்டத்துக்கு வந்த ஆள் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "என்னாங்க மேடம், நீங்களே கூடை தூக்கிட்டீங்க?" என்றார். சிரித்துவிட்டு வெளியே வந்து, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் லோகநாயகி என்று ஒரு அம்மா அவல் மில் வைத்திருக்கிறார்கள். நெல்லை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள்.

"நல்லா தடியாத்தான் இருக்குது. செவப்பு அவலுக்கு ஆவும். இதுக்கு முன்ன யாருக்குப் போட்டீங்க?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பழகிய வாய்தானே.

"யாரும் வாங்கலம்மா. கோழித் தீவனத்துக்குப் போச்சு" என்றேன்.

"அப்படியா சங்கதி? அப்போ வெலய எறக்கிக்குங்க" என்றார்கள்.

இறக்கினேன் அண்ணி. போன வருடம் எங்கள் கடை கொடுத்த விலை இது இல்லை, அதைவிட நன்றாகக் குறைவு. வியாபாரி கேட்டதைவிட மேல். களத்தில் இருப்பதில் ஒரு பங்குதான் அவர்களால் எடுக்க முடியும். பிடித்திருந்தால் அடுத்த வருடமும் எடுப்பார்கள். "ஒரு வருசம் குடுத்துட்டு ஓடறவங்கதான் ஜாஸ்தி" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். மீதிக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை.

சம்மதம் என்றால் எழுதுங்கள். விலை எல்லோருக்கும் தெரியும்படி படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

கனிமொழி

*

குமராட்சி
8.7.2008

அன்புள்ள கனி, நாங்கள் நலம். நீ வெயிலில் அலைவதாக மாப்பிள்ளை உன் அண்ணனிடம் சொன்னாராம். தலையில் துணியாவது போட்டுக்கொள்.

அவல் மில்லுக்கு டிராக்டரில் போனது போய்விட்டது. எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தோம். விலையைப் படித்தபோது முணுமுணுத்தார்கள், ஆனால் சம்மதித்தார்கள். கொள்ளிடக் கரை ஊர்களில் பிபிடி முளைத்துப்போனவர்கள் விதை கேட்டு வந்தார்கள். இருசம்மாள்தான் பதர் தூற்றி, பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். அதில் கொஞ்சம் குறைந்தது. மிச்சம் அவரவர் வீட்டில். நாங்கள் சாப்பிடுகிறோம். உன் அண்ணன் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். சின்னவன் இன்னும் அழுகிறான். பிடித்துவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். நீயும் இனிமேல் எதையும் அழகாக்கி எழுதாதே.

சாமிக்கண்ணு குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். மில்லுக்காரம்மாவின் பணம் வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார், அவர் பங்கை அனுப்ப விலாசம் தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக் கதவில் பூட்டு. அந்த வழியாகத் தண்ணீருக்குப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. விதைக்கலாமா, எவ்வளவு விதைக்கலாம்? எல்லோரும் கேட்கிறார்கள். முடிந்தால் நீயே நேரில் வந்து சொல்.

சௌந்தரம்

*

மஞ்சக்குப்பம்
13.7.2008

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும் வணக்கம். கடிதம் நேற்றுக் கிடைத்தது, இன்று எழுதுகிறேன்.

பள்ளத்தில் பாதிக்கு மட்டும் விதையுங்கள். அவ்வளவுதான் லோகநாயகியம்மா எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் வாய்ச்சொல்தான். சிதம்பரத்தில் ஒரு புட்டுக் கடைக்காரர் பார்க்கலாம் என்றிருக்கிறார். பார்க்கலாம் என்பதை வாங்குவேன் என்று நான் எழுத மாட்டேன். பாதிக்கு மேல் விதைத்தால் அதை யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்ற பாதியில் பிபிடி போட்டு மழை வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் எல்லோரிடமும் சொல்லுங்கள். இல்லை, நானே வந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி உங்கள் வீட்டுக்கு வருவதென்றால் கீழத்தெரு வழியாக, அந்தப் பூட்டிய வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். இருட்டின பிறகு வருகிற மினி பஸ்ஸில் வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காலை பஸ்ஸிலேயே வருகிறேன் அண்ணி.

எல்லோர் உடம்பையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கனிமொழி